நானூற்றுப் பதினோரு பச்சை நாள்கள்

எங்கள் மையத்தில் மூன்று ஆண்டுகளாக ஒருவர்கூடத் தோற்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.

என் பெயர் ஜெனிபா. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டி ஒரு நீரிழிவு மையத்தில் ஆலோசகர் வேலை. சுகர் உள்ளவர்களுக்கு மருந்து எழுதுவது டாக்டர் ஃபரீதா. அந்த மருந்தை வைத்துக்கொண்டு மிச்ச இருபத்து நான்கு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்று சொல்லிக்கொடுப்பது நான்.

‘இயல்’ வருவதற்கு முன்பு அந்த வேலை பெரும்பாலும் பொய் கேட்பதாகத்தான் இருந்தது. தினம் பத்தாயிரம் அடி நடங்கள், ராத்திரி சோறு வேண்டாம், இனிப்பைத் தொடாதீர்கள் என்று அச்சடித்த தாளைக் கொடுப்போம். எல்லோரும் தலையாட்டுவார்கள். ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து பட்டினி கிடந்துவிட்டு வருவார்கள். ஒருவர் நடைக்கணக்குக் கருவியைப் பேத்தியின் இடுப்பில் கட்டிவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு வராமலே நின்றுவிட்டார்கள். அப்படி நின்றவர்களில் சிலரைப் பிறகு கண்ணோ காலோ போன நிலையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்.

பிறகு இயல் வந்தது. மேல்கையில் தோலுக்கடியில் ஒரு பொத்தான் அளவுக்குக் கருவி. அது ரத்தத்தையும் தூக்கத்தையும் நடையையும் படித்து அனுப்பும். மற்றதைக் கைபேசியில் இருக்கும் இயல் என்ற செயலி கணக்குப் போட்டுக்கொள்ளும்.

சுயம்புலிங்கம் அண்ணாச்சியும் அவர் மனைவி தங்கபுஷ்பமும் அதைப் பொருத்திக்கொள்ள வந்தது ஒரு ஜூலை மாதம். இரண்டு பேருக்குமே சுகர். அண்ணாச்சிக்கு ஐம்பத்தேழு வயது, அக்காவுக்கு ஐம்பத்திரண்டு. பெண் கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

“இது என்ன கேக்கும் தங்கச்சி?” என்றார் அண்ணாச்சி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே.

“உங்களால முடியுறத மட்டும் கேக்கும் அண்ணாச்சி. முதல்ல நாப்பது நாள் உங்களச் சும்மா கவனிக்கும். எப்ப எந்திரிக்கீங்க, என்ன சாப்பிடுறீங்க, எப்ப சோர்ந்து போறீங்க, எல்லாம். பொறவு தினமும் காலைல ஒரே ஒரு வேலை சொல்லும். நூறு தடவ சொன்னா நூறு தடவையும் நீங்க செஞ்சிருவீங்கன்னு தெரிஞ்சாத்தான் சொல்லும். செஞ்சா பச்சை விழும்.”

“செய்ய மாட்டேன்னு தெரிஞ்சா?”

“கேக்கவே கேக்காது. அதவிடச் சின்னதா ஒண்ணு கேக்கும்.”

தங்கபுஷ்பம் அக்கா சிரித்துவிட்டார். “இவிய எதையுமே செய்ய மாட்டாவளே. கடைசில என்ன கேக்கும்? மூச்சு விடச் சொல்லுமா?”

நானும் சேர்ந்து சிரித்தேன்.

அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தரையிலிருந்து நூற்றிருபது அடி உயரத்தில், கண்ணாடித் தளம் போட்ட ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி லாரியில் இறக்குவது வேலை. இருபத்தெட்டு ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறார். போன வருஷம் ஒருநாள் மேலே இருக்கும்போதே சுகர் சட்டென்று இறங்கிவிட்டது. பெட்டி பாதி வழியில் தொங்க, இவர் கூண்டுக்குள் மயங்கிக் கிடந்தார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்றோடு கீழே இறக்கி, வாசலில் லாரி நம்பர் சரிபார்க்கும் இடத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் தானாக ஓடும் லாரிகள், டிரைவரே கிடையாது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாத நாற்காலி.

நாற்பது நாள் முடிந்து ஆகஸ்ட் பத்தாம் தேதி முதல் இலக்கு வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே இலக்கு: சாப்பிட்டபின் இருபது நிமிடம் நடை. அக்கா மையத்துக்குப் போன் போட்டார். “ரெண்டு பேரும் போயிட்டு வந்துட்டோம் ஜெனிபா. பச்சை விழுந்துட்டு. ஸ்கூல்ல முட்டாய் வாங்குன மாரி இருக்கு.”

உண்மையிலேயே நன்றாகத்தான் போனது. அச்சடித்த தாள் கேட்ட பத்தாயிரம் அடியில் ஒன்றுகூட நடக்காதவர்கள், இயல் கேட்ட ஐந்நூறு அடியை நடந்தார்கள். ஐந்நூறு ஆயிரமானது. வெட்கப்பட்டு நின்றுபோனவர்கள் திரும்ப வந்தார்கள். நான் திட்ட வேண்டியதில்லை. அவர்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாள்களில் நான் சந்தோஷமாக வேலைக்குப் போனேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபரில் அண்ணாச்சி தனியாக வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“தங்கச்சி, அது தினம் எனக்கு ஒண்ணு சொல்லுது, நான் செய்யுதேன். இப்ப நான் ஒண்ணு சொல்லலாமா?”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“துறைமுகத்து டாக்டரப் பாத்தேன். தொடர்ந்து மூணு மாசம் சுகர் ரொம்ப ஏறாம, ஒரு தடவகூட இறங்காம, ஒரே சீரா இருந்துச்சுன்னா மறுபடி மேல ஏறலாம்னு எழுதித் தருவாராம். எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. அத இதுல போடு. எனக்கு மேல ஏறணும்.”

நான் அதை இயலில் போட்டுப் பார்த்தேன். ஒரு நொடியில் பதில் வந்தது. நூற்றுக்கு நான்கு.

“என்ன சொல்லுது?”

“நூத்துக்கு நாலு வாய்ப்புதான் இருக்குன்னு சொல்லுது.”

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “நாலு இருக்குல்லா?”

ஆலோசகர் நினைத்தால் இயல் ஒத்துக்கொள்ளாத இலக்கையும் வைக்கலாம். அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எங்கள் மையத்தில் அதை யாரும் தொட்டதில்லை. வைத்து, அவர் தோற்றால், சிவப்பு விழும். மூன்று மாதம் தினமும் சிவப்பைப் பார்த்துப் பழையபடி வராமல் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். அவருடைய நல்லதுக்குத்தான் நினைத்தேன்.

“அண்ணாச்சி, நடக்குறதப் பாப்போம். ஆகாத ஒண்ண மனசுல வச்சுக்கிட்டு எதுக்கு வருத்தப்படணும்? இப்ப நல்லாத்தானே போயிட்டிருக்கு. அது சொல்லுறத மட்டும் செய்யுங்க, போதும்.”

“சரிதான்,” என்றார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “நீ படிச்ச பிள்ள. சரியாத்தான் இருக்கும்.”

டிசம்பரில் அக்கா வந்து என் மேஜைமேல் கைபேசியை வைத்தார்.

“இது என்ன ஓரவஞ்சனை ஜெனிபா? எனக்கு ஆறாயிரம் அடி கேக்கு. சோத்தக் கொறைக்கச் சொல்லுது, காலைல கம்புல கஞ்சி வைக்கச் சொல்லுது. இவியளுக்கு என்ன சொல்லுது தெரியுமா? தெரு முக்கு வரைக்கும் போயிட்டு வரச் சொல்லுது. நேத்து என்ன தெரியுமா? மாத்திரையத் தண்ணியோட முழுங்கணுமாம். அதுக்கும் பச்சை!”

பின்னால் நின்ற அண்ணாச்சி சிரித்தார். “நான் பாஸாயிட்டேன் புஷ்பம். நீதான் இன்னும் படிச்சிட்டிருக்க.”

“உங்க உடம்பு நல்லா ஒத்துழைக்குதுக்கா, அதான் கூட்டிக்கிட்டே போகுது,” என்றேன். “அண்ணாச்சி உடம்புக்கு எது தோதோ அதச் சொல்லுது.”

அப்படித்தான் நான் நம்பினேன்.

மார்ச்சில் அண்ணாச்சிக்குத் தொடர்ந்து இருநூறு நாள் பச்சை விழுந்ததற்காக மையத்தின் சார்பில் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தோம். வாங்கும்போது கொஞ்சம் கூச்சப்பட்டார். கைதட்டினார்கள். அவருடைய மூன்று மாதச் சுகர் சராசரி அப்போது கொஞ்சம் கூடித்தான் இருந்தது. டாக்டர் ஃபரீதா மாத்திரையைக் கூட்டி எழுதினார். பச்சையைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் கொஞ்சம் பெரிதாகத் தெரியவில்லை.

ஜூன் மாதம் அக்கா மாடிப்படியில் ஈரமாக ஏதோ தடம் கிடப்பதைப் பார்த்தார். துடைத்தபோது மஞ்சளும் சிவப்புமாகத் துணியில் வந்தது. அண்ணாச்சியின் வலது கால் சுண்டுவிரலுக்கு அடியில் புண். ஒரு சின்ன ஆணி செருப்பைத் துளைத்துக்கொண்டு எத்தனை நாளாகவோ உள்ளே குத்திக்கொண்டிருந்திருக்கிறது. சுகரால் மரத்துப்போன பாதத்துக்கு அது தெரியவேயில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எலும்புவரை போய்விட்டது. முதலில் விரல்களை எடுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நான் பார்க்கப் போயிருந்தேன். அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு வந்தார்.

“ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். அது இவியகிட்டக் கேக்கது கொறஞ்சுகிட்டே வருதுல்லா, இன்னைக்குக் காலைல ரெண்டு நிமிஷம் நிமிந்து உக்காரச் சொல்லுச்சு. போன வருஷத்துலேருந்தே கொறஞ்சுட்டுதான் வருது. அப்படின்னா... அதுக்கு முன்னாடியே தெரியுமா? இவிய உடம்பு இனிமேக் கேக்காதுன்னு?”

ஆறுதலாக எது வருமோ அதைச் சொன்னேன்.

“நமக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும்க்கா. உள்ளுக்குள்ள உடம்பு தளந்துகிட்டு வந்திருக்கும். தாங்காததக் கேட்டுக் கஷ்டப்படுத்தல. நீங்க எதையும் விட்டுடல. நீங்க செய்யுறதுக்கு ஒண்ணுமில்ல.”

அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “உடம்பே கேக்கலன்னா என்ன செய்ய,” என்றார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

கடைசி மாதங்களில் இயல் அண்ணாச்சியிடம் உடம்பு சம்பந்தமாக அநேகமாக ஒன்றும் கேட்கவில்லை. ‘இன்று உங்கள் மனைவியிடம் ஏதாவது ஒன்று சொல்லுங்கள்’ என்று கேட்டது. அவர் அதைச் செய்வார் என்று இயல் எப்படிக் கண்டுபிடித்ததென்று எனக்குத் தெரியாது. அந்த வாரங்களைப் பற்றி அக்கா பிறகு என்னிடம் சொன்னார். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வாராம். அண்ணாச்சி மேலிருந்து பார்த்ததையெல்லாம் சொல்வாராம். மழைக்கு முன்னால் கடல் எப்படி ரெண்டு நிறமாகப் பிரிந்து கிடக்கும். எந்த நாட்டுக் கப்பல்காரன் சமைத்தால் எப்படி வாசம் மேலே வரும். ஒருநாள் இப்படிச் சொன்னாராம்:

“மேல இருந்து பாத்தா ஊர் முழுக்கத் தெரியும் புஷ்பம். நம்ம மொட்டைமாடி மட்டும் தெரியாது. தண்ணித் தொட்டி மறைச்சிரும். ஆனாலும் எங்கயாவது ஒரு மாடில சேல காயுறதப் பாத்துட்டு, அதான் நம்ம வீடுன்னு வச்சுக்கிடுவேன். தினம் ஒரு வீடு.”

“முப்பது வருஷத்துல இவ்வளவு பேசுனதில்ல,” என்றார் அக்கா.

செப்டம்பர் இருபத்து நான்காம் தேதி காலையில் வந்த இலக்கு, இரண்டு வாய் கஞ்சி. அண்ணாச்சி மூன்று வாய் குடித்தார். பச்சை விழுந்தது. பதினோரு மணிக்கு இதயம் நின்றுவிட்டது.

நானூற்றுப் பதினோரு நாள். ஒன்றுகூடச் சிவப்பில்லை.

*

ஜனவரி கடைசியில் அக்கா மையத்துக்கு வந்தபோது எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மெலிந்திருந்தார். தலையை வெறுமனே முடிந்திருந்தார். உட்கார்ந்ததும் கேட்டார்:

“எனக்கு எத்தன நாளு இருக்கு ஜெனிபா?”

“என்னக்கா பேசுறீங்க?”

கைபேசியைத் தள்ளினார். அன்றைய இலக்கு: ‘படுக்கையறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.’ முந்தைய நாள்: ‘முகம் கழுவுங்கள்.’ அதற்கு முந்தைய நாள்: ‘ஒரு தம்ளர் தண்ணீர்.’

“ஆறாயிரம் அடி கேட்டுட்டிருந்த சனியன். இப்ப ஜன்னலத் திறக்கச் சொல்லுது. இவியளுக்கும் இப்படித்தான வந்துச்சு. நீதான சொன்ன, அதுக்கு முன்னாடியே தெரியும்னு. எனக்குப் பயமில்ல. மக வருவா, அவகிட்ட என்னன்னு சொல்லணும்லா, அதுக்குத்தான் கேக்கேன்.”

பயமில்லை என்று அவர் சொன்னது உண்மை. முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றே ரத்தம் எடுக்கச் சொன்னேன். பழைய பரிசோதனைகளையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். சிறுநீரகம் சரியாக இருந்தது. இதயம் சரியாக இருந்தது. சராசரி கொஞ்சம் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

“அக்கா, உங்க உடம்புக்கு ஒண்ணுமில்ல.”

“அப்ப ஏன் கேக்க மாட்டேங்குது?”

இயலின் திரையில் கீழே ஓரமாக ‘காரணம்’ என்று ஒன்று உண்டு. இலக்கு ஏன் குறைந்தது என்பதை அங்கே போனால் பார்க்கலாம். பயிற்சியின்போது ஒருமுறை காட்டினார்கள். பச்சை விழுந்துகொண்டிருக்கும்போது அங்கே யார் போகப்போகிறார்கள்? நான் போனதில்லை. அன்று போனேன்.

இரண்டே வகைதான் இருந்தது. ‘இயலாது.’ ‘செய்யமாட்டார்.’

அக்காவின் பெயருக்கு நேரே செப்டம்பர் கடைசியிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரே சொல். செய்யமாட்டார். செய்யமாட்டார். செய்யமாட்டார்.

“என்ன எழுதியிருக்கு?”

“உங்களுக்கு நடக்கத் தெம்பு இருக்குன்னு அதுக்குத் தெரியும்க்கா. ஆனா நீங்க நடக்க மாட்டீங்கன்னும் தெரியும். துக்கத்துல இருக்கீங்கள்ல. தெம்பில்லாம குறைச்சாலும் மனசில்லாம குறைச்சாலும் வெளிய ஒரே மாதிரிதான் தெரியும். நமக்கு இலக்க மட்டும்தான் காட்டும்.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி ஆளில்லாமல் போனது. பிறகு, ரொம்ப மெதுவாக:

“இவியளுக்கு?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். அண்ணாச்சியின் பதிவை மூடிவிட்டார்கள் என்று ஒரு பொய் போதும். ஏழு மாதத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னது அவரை இதுவரை தாங்கிக்கொண்டு வந்திருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்தேன்.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதிதான் முதல் குறைப்பு. அவர் இஸ்திரிச் சட்டையோடு வந்துபோன மூன்றாம் நாள். இருபது நிமிட நடை பத்து நிமிடமானது. காரணம்: செய்யமாட்டார். பத்து நிமிடம் தெருமுக்கானது. செய்யமாட்டார். ஜனவரி ஏழாம் தேதி ஒரு வரி இருந்தது. அதுவரை வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த இலக்கு ஒன்றை அன்றோடு எடுத்துவிட்டிருந்தது. ‘பாதங்களைப் பாருங்கள்.’ காரணம்: செய்யமாட்டார்.

‘இயலாது’ என்ற சொல் முதல்முறையாக வந்தது ஜூன் மாதம். காலை எடுத்த பிறகு.

நான் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பிறகு, அக்டோபரில் அவர் எதற்கு வந்தார் என்பதையும் நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்பதையும் சொன்னேன். நூற்றுக்கு நாலு என்பதையும் சொன்னேன்.

“மேல ஏறணும்னா கேட்டாவ?” என்றார் அக்கா. “என்கிட்டச் சொல்லவேயில்லையே.”

“வேண்டாம்னு சொன்னது நான்தான்க்கா.”

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முன்னால் பின்னால் லேசாக ஆடியபடி, தனக்குத்தானே பேசுகிறமாதிரி பேசினார்.

“அதெல்லாம் வாறதுக்கு முன்னாடி நான் சண்ட போடுவேன் தெரியுமா? ஏன் நடக்கலன்னு சண்ட. ஏன் சீனி போட்டுக் குடிச்சீயன்னு சண்ட. ராத்திரி படுக்கும்போது காலப் புடிச்சு இழுத்து மடில போட்டு வெளிச்சத்துல பாப்பேன். விரலு விரலாப் பாப்பேன். ‘விடுட்டி, கூசுது’ன்னு உதறுவாவ. இந்தப் பச்சை வந்த பொறவு விட்டுட்டேன். அதான் பாத்துக்கிடுதே, நாம ஏன் பொல்லாப்பாவணும்னு. பத்து மாசம் அந்தக் கால நான் தொட்டுப் பாக்கல ஜெனிபா.”

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் போகாமல் அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.

வெகு நேரம் கழித்துக் கேட்டேன். “உங்களுக்கு என்ன வேணும்க்கா?”

மூன்று ஆண்டுகளில் இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. வேண்டியதைத் தானாக வந்து சொன்ன ஒருவரையும் திருப்பி அனுப்பியிருந்தேன்.

“பழைய கணக்கப் போடு. ஆறாயிரம் அடி.”

இயலில் போட்டேன். “நூத்துக்கு மூணுதான் வாய்ப்புன்னு சொல்லுதுக்கா. தோத்துருவீங்க.”

“தோக்கேன்,” என்றார். “ஜன்னலத் திறந்து ஜெயிக்குறதுக்கு அது பரவாயில்ல.”

ஆலோசகர் கட்டத்தைத் திறந்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ‘அவர் கேட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் சிவப்பு விழுந்தது. அதற்கு மறுநாளும். நாலாம் நாள் டாக்டர் ஃபரீதா என்னைக் கூப்பிட்டார்.

“என்ன ஜெனிபா இது? அவங்க ஏற்கெனவே நொந்துபோய் இருக்காங்க. தினமும் தோல்வி காட்டுறது எந்த ஊர் நியாயம்?”

நான் அவரிடம் ஒரு தாளை நீட்டினேன். அந்த நாலு நாளில் எங்கள் மையத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் ‘காரணம்’ பக்கத்தையும் திறந்து பார்த்திருந்தேன். நூற்று முப்பத்தொன்பது பேருக்கு இலக்கு குறைந்துகொண்டே போயிருந்தது. அதில் நூற்றுப் பதினாறு பேருக்குச் ‘செய்யமாட்டார்.’

டாக்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இயல் வாறதுக்கு முன்னாடி இவங்கள்ல பாதிப் பேரு வரவே இல்ல. அது ஞாபகம் இருக்கா உனக்கு?”

“இருக்கு டாக்டர்.”

“சின்ன இலக்கு தப்பில்ல ஜெனிபா. அதாலதான் எத்தனையோ பேரு எந்திரிச்சு நடக்காங்க. உங்க புஷ்பம் அக்காவே அப்படி நடந்தவங்கதான்.”

“தப்புன்னு நான் சொல்லல டாக்டர். குறையும்போது யாராவது ஒருத்தர் போய், ஏன்னு கேட்டிருக்கணும். பச்சைய வச்சுக்கிட்டு யாரும் கேக்கல. நான் கேக்கல.”

“நூத்துப் பதினாறு பேரு. நீ ஒருத்தி. எத்தன வீட்டுக்குப் போவ?”

ஆனாலும் அந்த ஆலோசகர் கட்டத்தை மூடச் சொல்லி அவர் உத்தரவு போடவில்லை. தாளைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது காலையில் வேலைக்கு வரும் வழியில் மூன்று வீடுகளுக்குப் போகிறேன். அவ்வளவுதான் முடிகிறது. கடைசி வீடு தங்கபுஷ்பம் அக்காவுடையது. ஆறரை மணிக்குக் கதவைத் தட்டுவேன். சில நாள் திறப்பதேயில்லை. ஒருநாள், “உனக்கு வேற வேலையில்லையா?” என்று உள்ளேயிருந்தே சத்தம் போட்டார். இரண்டு நாள் என்னோடு உப்பளச் சாலை திருப்பம்வரை வந்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்து, ஆயிரத்து நானூறு அடியில் திரும்பிவிட்டார்.

நேற்றும் தட்டினேன்.

“போ ஜெனிபா. இன்னைக்கு வரல.”

“ஏன்க்கா?”

போகலாமா என்று நினைத்தேன். முந்தைய இரண்டு வீடுகளிலேயே நேரமாகியிருந்தது. மையத்தில் எட்டு மணிக்கு ஆள் வந்துவிடும். ஆனாலும் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு முழுக்கத் திறக்கவில்லை. அக்கா உள்பக்கம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இதத் தாண்டணும்லா,” என்றார்.

குனிந்து பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில் அண்ணாச்சியின் செருப்பு. இரண்டும் கிடந்தன. வலதுகால் செருப்பின் அடியில் இன்னும் அந்த ஆணி இருந்தது.

“தூக்கிப் போட மனசு வரல. எடுத்து உள்ள வைக்கவும் கை வரல. நான் கேட்ட ஆறாயிரம் அடில முதல் அடி இதுதான். உன்கூட வந்த ரெண்டு நாளும் கண்ண மூடிக்கிட்டுத் தாண்டிட்டேன். மத்த நாளெல்லாம் இங்கன வந்து நின்னுட்டுத் திரும்பிப் போறேன்.”

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். கொஞ்சம் தயங்கி அவரும் நிலைப்படியில், செருப்புக்கு உள்பக்கமே, உட்கார்ந்தார். அதை வாங்கிய கடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அண்ணாச்சி சின்ன அளவை வாங்கிவிட்டு, மாற்றப்போகக் கூச்சப்பட்டு, ஒரு மாதம் அது கடிக்கக் கடிக்கப் போட்டு நடந்தாராம். சொல்லும்போது பாதியில் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, உள்ளே போய்விட்டாள். வெயில் படிவரை வந்துவிட்டது. அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் நடக்கவில்லை. பொழுது முடிந்ததும் அவர் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்தது.